கொம்பியூட்டர் கண்டுகொள்ளாத பழைய பிளேயர்: உள்ளே இருக்கும் பாட்டுகளை எடுப்பது எப்படி?

"வயரைக் குத்தினேன், ஒரு அசுமாத்தமும் இல்லை." "குத்தினேன், யுஎஸ்பி டிவைஸ் நொட் ரெகக்னைஸ்ட் என்று ஒரு பெட்டி வந்தது." "குத்தினேன், ஃபோர்மட் பண்ணட்டா என்று கேட்கிறது." இவை மூன்றும் மூன்று வேறு வருத்தங்கள். நாம் மூன்றுக்கும் ஒரே பெயர்தான் வைத்திருக்கிறோம்: பிளேயர் செத்துப்போச்சு. திருகோணமலை டவுனில் ஒரு திருத்தும் கடைக்குக் கொண்டுபோனாலும் பல நேரம் அந்த ஒரு வசனத்தை வைத்தே வைத்தியம் முடிந்துவிடும். "அக்கா, ஃபோர்மட் அடிச்சுத் தாறன், புதுசு மாதிரி வேலை செய்யும்." வேலை செய்யும்தான், தம்பி சொல்வது பொய்யில்லை. பிளேயர் பிழைக்கும், உள்ளே இருந்தவை போய்விடும்.

அதனால் எதையும் தொடுவதற்கு முன் ஒரு விதி. பாட்டுகள் வெளியே வரும்வரை "ஃபோர்மட்" என்ற பொத்தானையும் "ரிஸ்டோர்" என்ற பொத்தானையும் அழுத்தக்கூடாது. விண்டோஸ் கேட்டாலும், ஐடியூன்ஸ் கேட்டாலும், கடைக்காரர் கேட்டாலும் பதில் "வேண்டாம்" என்பதுதான்.

இன்னொன்றையும் முதலே பார்த்துவிடுங்கள். மலிவான சீனப் பிளேயர்கள் பலவற்றின் விளிம்பில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும், அதற்குள் மைக்ரோ எஸ்டி மெமரி காட் இருக்கும். பாட்டுகள் அந்தக் காட்டில் இருந்தால் பிளேயரோடு மல்லுக்கட்டத் தேவையே இல்லை. நகத்தால் அழுத்தினால் காட் வெளியே வரும். காட் ரீடரில் போட்டுப் பிரதி எடுத்தால் கதை முடிந்தது. மிச்சக் கட்டுரை, பாட்டுகள் உடம்புக்குள்ளேயே இருக்கும் பிளேயர்களைப் பற்றியது: 2000களில் சவூதியில் இருந்தும் கட்டாரில் இருந்தும் வந்த குச்சிப் பிளேயர்கள், லண்டன் சித்தப்பா விட்டுப்போன ஐபொட், சோனி வோக்மன் வகையறா.

எவ்வளவு மினக்கெடுவது என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். சினிமாப் பாட்டுகள் மட்டும்தான் இருக்கின்றன என்றால், என்னைக் கேட்டால், ஒரு பின்னேரத்துக்கு மேல் செலவழிக்க வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை இன்று ஃபோனிலேயே கிடைக்கும், பழைய கோப்பை விடத் தெளிவாகவும் கிடைக்கும். ஆனால் அந்தக் காலப் பிளேயர்கள் பலவற்றில் குரல் பதிவு வசதியும் எஃப்எம் பதிவு வசதியும் இருந்தன. அம்மம்மா படித்த ஒப்பாரி, பத்திரகாளி கோயில் திருவிழாவில் யாரோ பந்தலோரம் நின்று பிடித்த நாதஸ்வரமும் தவிலும், கிண்ணியாவில் உம்மா பேரப்பிள்ளைக்குச் சொன்ன கதை, றேடியோவில் பெயர் வாசித்த பிறந்தநாள் வாழ்த்து. இவற்றுக்கு உலகத்தில் வேறு பிரதி இல்லை. அப்படியொன்று உள்ளே இருக்கக்கூடும் என்ற சந்தேகம் இருந்தால் கீழே சொல்வதைக் கடைசி வரைக்கும் செய்து பார்ப்பது தகும்.

குத்தியதும் என்னதான் நடக்கிறது?

ஒருவர் வீட்டுக்கு நாம் போவதை நினைத்துக்கொள்ளுங்கள். படலைக்கு வெளியே நின்று சத்தம் கொடுக்கிறோம். உள்ளே இருப்பவர் "யார் அது?" என்கிறார். பெயர் சொல்கிறோம். தெரிந்த ஆள் என்றால் உள்ளே கூப்பிட்டு இருத்தி, வந்த விசயத்தைக் கேட்கிறார். யுஎஸ்பியிலும் இதே ஒழுங்குதான். எந்த இடத்தில் பேச்சு நின்றுபோனது என்று கண்டுபிடிப்பதுதான் முழு வேலையும்.

யுஎஸ்பி 2.0 வயருக்குள் நான்கு கம்பிகள் ஓடுகின்றன. வழமையாகச் சிவப்பு 5 வோல்ட் மின்சாரம், கறுப்பு அது திரும்பும் வழி, பச்சையும் வெள்ளையும் தரவு போய்வரும் பாதை. பிளேயருக்கு மின்சாரம் கிடைத்து உள்ளே இருக்கும் சிப் விழித்துக்கொண்டதும், அது தரவுக் கம்பி ஒன்றை 1.5 கிலோ ஓம் தடை ஒன்றின் ஊடாக ஏறத்தாழ 3.3 வோல்ட்டுக்கு உயர்த்துகிறது. படலையில் கொடுக்கும் சத்தம் அதுதான். அந்த உயர்வைக் கண்டால்தான் ஏதோ வந்து சேர்ந்திருக்கிறது என்று கொம்பியூட்டருக்கே தெரியும்.

அடுத்து கொம்பியூட்டர் கேட்கும், நீ யார் என்று. பிளேயர் தன்னைச் செய்த நிறுவனத்தின் எண், தன் மாதிரியின் எண், தான் என்ன வகைச் சாதனம் என்பதையெல்லாம் ஒரு சின்னத் தரவுத் துண்டாக அனுப்ப வேண்டும். அந்தப் பதில் கிடைத்த பிறகே விண்டோஸ் பொருத்தமான டிரைவரை, அதாவது அந்தச் சாதனத்தோடு பேசத் தெரிந்த மென்பொருளை, தேடும். டிரைவர் அமைந்த பிறகு உள்ளே இருக்கும் நினைவகத்தின் அமைப்பை வாசிக்கும். அதுவும் சரிவந்தால்தான் கோப்புகள் திரையில் தெரியும்.

இப்போது முதலில் சொன்ன மூன்று வருத்தங்களுக்குத் திரும்பலாம். அசுமாத்தமே இல்லை என்றால் சத்தமே கேட்கவில்லை: வயர், துளை, பற்றரி இவற்றில் ஒன்று. "ரெகக்னைஸ்ட் இல்லை" என்று பெட்டி வந்தால் சத்தம் கேட்டிருக்கிறது, பெயர் சொல்லும்போது தடுமாறியிருக்கிறது. விண்டோஸின் டிவைஸ் மனேஜரைத் திறந்து அந்தச் சாதனத்தின் விபரத்தைப் பார்த்தால் நிறுவன எண் இருக்க வேண்டிய இடத்தில் 0000 என்று கிடக்கும், பெரும்பாலும் 43 என்ற பிழை எண்ணோடு. ஃபோர்மட் கேட்டால், உண்மையில் அது நல்ல செய்தி. பேச்சு கடைசிப் படிவரை வந்துவிட்டது. நினைவகத்தின் அமைப்பை வாசிக்கத் தெரியாமல் மட்டும்தான் விண்டோஸ் முழிக்கிறது.

அசுமாத்தமே இல்லாதபோது

பத்தில் பல தடவை குற்றவாளி வயர்தான். சார்ஜ் பண்ண மட்டும் என்று செய்யப்பட்ட மலிவு வயர்களுக்குள் பச்சையும் வெள்ளையும் இருப்பதே இல்லை. பிளேயரில் பற்றரிச் சின்னம் ஓடும், நமக்கும் எல்லாம் சரி என்று தோன்றும், கொம்பியூட்டருக்கோ ஒன்றும் கேட்காது. இதைச் சோதிக்க வழி சுலபம்: அதே வயரில் வேறொரு சாதனத்தை மாட்டி அதன் கோப்புகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். பழைய குச்சிப் பிளேயர்கள் பலவற்றுக்கு வேண்டியது தடித்த மினி யுஎஸ்பி முனை. இப்போதைய ஃபோன் வயர்கள் அதற்குப் பொருந்தா. பழைய டிஜிட்டல் கமராவோடோ வெளி ஹார்ட் டிஸ்க்கோடோ வந்த வயர் வீட்டு லாச்சிக்குள் கிடந்தால் அது தரவு கடத்தும் வயராகத்தான் இருக்கும். ஒரே மாதிரித் தோன்றும் அகல முனைகளில் கவனம் தேவை. சான்டிஸ்க் சான்சா சிலவற்றின் முனை ஐபொட்டின் 30 பின் முனை போலவே இருக்கும், ஆனால் அது வேறு. இறுகினால் தள்ளாதீர்கள்.

வயர் நல்லதென்றால் துளையைப் பாருங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலைப் பார்த்த வீடுகளில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. ஜன்னல் கொளுக்கியைத் தின்னும் அதே உப்புக்காற்று இந்தச் சின்னச் செப்புப் பற்களையும் விடாது. டோர்ச் அடித்துப் பார்த்தால் பச்சைக் களிம்பு தெரியும், சிலவேளை வெறும் தூசும் நூலும் அடைந்திருக்கும். பிளேயரை நிறுத்திவிட்டு, ஃபோன் திருத்துபவர்கள் வைத்திருக்கும் ஐசோபுரொப்பைல் அல்ககோலில் மெல்லிய தூரிகையைத் தோய்த்து மெதுவாகத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மறுபடி குத்துங்கள். ஊசி, சேஃப்டி பின் வேண்டாம். உள்ளே நடுவில் நிற்கும் தகடு உடைந்தால் வயர் மாற்றுவதோடு தீராது.

பிறகு பற்றரி. வருடக் கணக்காகக் கிடந்த லிதியம் பற்றரி அடியோடு வடிந்திருக்கும். அந்த நிலையில் சார்ஜ் ஏற்றும் சுற்று மிக மெதுவாகத்தான் மின்சாரம் விடும், திரையும் இருட்டாகவே இருக்கும். குத்திய உடனே எடுத்துவிடாமல் அரை மணி, ஒரு மணித்தியாலம் அப்படியே விடுங்கள். ஆனால் பின்மூடி புடைத்திருந்தாலோ, மேசையில் வைத்தால் பிளேயர் தட்டையாக நிற்காமல் ஆடினாலோ, சார்ஜ் ஏற்றவே கூடாது. பற்றரி ஊதியிருக்கிறது. அதைக் குத்தவும் வளைக்கவும் வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுத்துக் கழற்றுவியுங்கள். பற்றரி மாற்றினால் பாட்டுகள் அழிந்துவிடும் என்று சிலர் பயப்படுவார்கள். அழியா. அவை இருப்பது ஃபிளாஷ் நினைவகத்தில் அல்லது ஹார்ட் டிஸ்க்கில். இரண்டுக்கும் தரவைத் தாங்கிவைக்க மின்சாரம் தேவையில்லை.

ஐபொட்காரர்களுக்கு ஒரு சொல். 2001 ஒக்டோபரில் வந்த முதல் ஐபொட்டுக்கும் 2002இல் வந்த இரண்டாவதற்கும் யுஎஸ்பியே கிடையாது, ஃபயர்வயர் என்ற வேறொரு வகை இணைப்பு மட்டும்தான். அவற்றோடு யுஎஸ்பியில் பேச முயல்வது வீண்.

பெயர் சொல்லத் தடுமாறினால்

இந்தப் படியில் நான் முதலில் சந்தேகிப்பது துளையின் வயதுப் பொருத்தத்தைத்தான். பழைய பிளேயர்கள் சில, புதிய லப்டொப்பின் நீல நிற யுஎஸ்பி 3 துளையில் குழம்பும். யுஎஸ்பி 2 துளை இருந்தால் அதில் குத்துங்கள். இல்லையென்றால் பழைய யுஎஸ்பி 2 ஹப் ஒன்றை, ஒரு துளையைப் பல துளையாக்கும் அந்தச் சின்னப் பெட்டியை, இடையில் போடுங்கள். சில நூறு ரூபாச் சாமான், ஆனால் பெரிய பெரிய மென்பொருள்களை விட இது பல தடவை உதவும். டெஸ்க்டொப் என்றால் முன்பக்கத் துளையை விட்டுவிட்டுப் பின்பக்கத் துளையைப் பாவியுங்கள்.

பிளேயரை ரீசெட் பண்ணுவதும் பாட்டுகளை அழிக்காது. சக்கரத்திலேயே பொத்தான்கள் உள்ள ஐபொட்டில் ஹோல்ட் சுவிட்சைத் தள்ளித் திருப்பிவிட்டு, மெனுவையும் நடுப் பொத்தானையும் சேர்த்து அமத்திப் பிடித்தால் ஆப்பிள் சின்னம் வரும். வந்ததும் விட்டு, உடனே நடுப் பொத்தானையும் பிளே பொத்தானையும் அமத்திப் பிடித்தால் அது டிஸ்க் மோட் என்ற நிலைக்குப் போகும். அந்த நிலையில் ஐபொட் பாட்டுப் பெட்டி என்ற வேடத்தைக் கழற்றிவிட்டு வெறும் டிஸ்க்காக நிற்கும். நமக்கு வேண்டியதும் அதுதான். ஹார்ட் டிஸ்க் வைத்த ஐபொட் டிக், டிக் என்று சத்தம் போட்டால் திரும்பத் திரும்பக் குத்திப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் தட்டுக்குச் சேதம் கூடும்.

சோனி, கிரியேட்டிவ், சான்டிஸ்க் போன்றவற்றில் இன்னொரு சிக்கல், பேசும் மொழி. சில பிளேயர்கள் பென்டிரைவ் போல் தம்மை ஒரு டிஸ்க் என்று அறிமுகம் செய்யும், அது எம்எஸ்சி முறை. வேறு சில எம்டிபி என்ற முறையில் பேசும். பிளேயரின் அமைப்புகளில் "யுஎஸ்பி மோட்" என்று இருந்தால் எம்எஸ்சி, எம்டிபி என இரண்டையும் மாற்றிப் பாருங்கள். சான்சா வகையில் ஒரு வேடிக்கை உண்டு: ஒரு முறையில் ஏற்றிய பாட்டுகள் மற்ற முறையில் குத்தும்போது கண்ணில் படா. வெறுமையாய்த் தெரிகிறதே என்று பதறாமல் மற்ற முறைக்கு மாறிப் பார்ப்பது நல்லது. மீடியா மென்பொருள்கள் இல்லாமல் வரும் விண்டோஸின் "என்" (N) பதிப்பு போட்ட கொம்பியூட்டர் என்றால், மீடியா ஃபீச்சர் பக் என்ற தொகுப்பைச் சேர்க்கும்வரை எம்டிபி சரியாக ஓடாது.

இவ்வளவுக்கும் மசியாவிட்டால் உபுண்டு. ஒரு பென்டிரைவில் உபுண்டு லினக்ஸை ஏற்றி, கொம்பியூட்டரில் நிறுவாமலே அதிலிருந்து ஓட்டலாம். உங்கள் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது. எம்டிபியும் தெரியும், மக் கொம்பியூட்டரில் ஃபோர்மட் பண்ணிய டிஸ்க்கையும் வாசிக்கும். விண்டோஸ் "ஃபோர்மட் பண்ணட்டா" என்று கேட்கும் ஐபொட்களில் ஒரு பங்கு இந்த வகைதான்: கனடாவில் மக்கில் பாவித்துவிட்டு இங்கே கொண்டுவந்தது. டிஸ்க்கில் பழுதே இல்லை, விண்டோஸுக்கு அந்த அமைப்பு வாசிக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

கோப்புகள் தெரிகின்றன, பாட்டுகளைக் காணோம்

ஐபொட்டைத் திறந்தால் வெறும் கோப்புறைகள்தான் இருக்கும், பாட்டுகளைக் காணக் கிடைக்காது. ஐபொட் கன்ட்ரோல் என்ற கோப்புறை மறைத்துவைக்கப்பட்டிருக்கிறது. விண்டோஸில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி, அதற்குள் மியூசிக் என்பதைத் திறந்தால் எஃப்00, எஃப்01 என்று வரிசையாகக் கோப்புறைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் நான்கு எழுத்துப் பெயரோடு, அர்த்தமே இல்லாத பாட்டுக் கோப்புகள். எந்தப் பாட்டு எங்கே என்ற கணக்கு வேறொரு தரவுக் கோப்பில் இருக்கிறது. அந்தக் கணக்குக் கெட்டுப்போனால் ஐபொட் "பாட்டு இல்லை" என்று சொல்லும், ஆனால் இடம் மட்டும் நிரம்பியிருக்கும். பாட்டுகள் உள்ளேயே கிடக்கின்றன என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை. மியூசிக் கோப்புறையை அப்படியே கொம்பியூட்டருக்கு இழுத்துப் போடுங்கள். பெயரைப் பற்றிப் பிறகு கவலைப்படலாம். ஐபொட் டச் மட்டும் இந்தக் கணக்கில் சேராது, அதன் வழி வேறு.

சோனியின் பழைய நெட்வேர்க் வோக்மன்கள் பொல்லாதவை. அவை எம்பி3ஐக்கூட ஓஎம்ஏ என்ற பூட்டுப் போட்ட கோப்பாக மாற்றி, சோனிக்ஸ்டேஜ் என்ற மென்பொருள் ஊடாகத்தான் ஏற்றின. கோப்பைப் பிரதி எடுத்தாலும் அது வேறெங்கும் பாடாது. அதற்கு வேறு வழி இருக்கிறது, கீழே வருகிறேன்.

குச்சிப் பிளேயர்களில் குரல் பதிவுகள் ரெக்கோர்ட், வொய்ஸ் போன்ற பெயருள்ள கோப்புறைக்குள் இருக்கும். அவற்றில் ஏசிடி என்று முடியும் கோப்புகளைக் கண்டால் எறிந்துவிடாதீர்கள். சீனப் பிளேயர்கள் பல, குரலை மிகவும் சுருக்கிச் சேமித்த வடிவம் அது. கொம்பியூட்டரின் சாதாரணப் பிளேயர்கள் திறக்காவிட்டாலும் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் அதை வாசித்து வேவ் கோப்பாக மாற்றும். சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலத்தான் இருக்கும், குரல் யாருடையது என்று தெரியும்.

யாராவது ஏற்கெனவே ஃபோர்மட் அடித்துவிட்டார்களா? அப்போதும் முழுக்கப் போய்விடவில்லை. விரைவு ஃபோர்மட் பெயர்ப் பட்டியலைத்தான் அழிக்கிறது, பாட்டுகளின் உடம்பு பெரும்பாலும் அங்கேயே கிடக்கும், அதன் மேல் புதிதாக எதையும் ஏற்றாதவரை. முதலில் முழு நினைவகத்தையும் அப்படியே ஒரே கோப்பாகப் பிரதி எடுங்கள். லினக்ஸில் டிடிரெஸ்கியூ என்ற கருவி அதைச் செய்யும். 2 ஜிபி பிளேயர் என்றால் 2 ஜிபிக் கோப்பு. பிறகு பிளேயரைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தப் பிரதியின் மேல் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். பெயர் படத்துக்கு உரியதாக இருந்தாலும் எம்பி3ஐயும் அது கண்டுபிடித்துத் தரும். இடையிடையே அறுந்த பாட்டுகளும் வரும். 8 ஜிபி என்று ஒட்டி 1 ஜிபி சிப் வைத்து விற்ற பிளேயர்களும் நம்மூரில் ஓடித் திரிந்தன. அவற்றில் கொள்ளளவைத் தாண்டி ஏற்றிய பாட்டுகளை எந்த வித்தையாலும் மீட்க முடியாது, அவை ஒருநாளும் உள்ளே போனதே இல்லை.

கடைசி வழி: காதுக்குப் போகும் துளை

கொம்பியூட்டரோடு எதுவும் பேசாது, ஆனால் ஹெட்செட்டில் பாடும். இப்படிப் பிளேயர்கள் நிறைய. பூட்டுப் போட்ட சோனியும் இதில் அடங்கும். பாடுகிறதென்றால் பதியலாம்.

இரண்டு முனையும் 3.5 மி.மீ. ஆண் முனையாக உள்ள ஓடியோ வயர் ஒன்று வேண்டும். ஒரு முனையைப் பிளேயரின் ஹெட்செட் துளையில் குத்துங்கள். மறுமுனையைக் கொம்பியூட்டரின் லைன் இன் துளையில். டெஸ்க்டொப்பின் பின்பக்கம் இளநீலத்தில் இருப்பது அதுதான். லப்டொப்பில் இருக்கும் ஒற்றைத் துளை இதற்கு உதவாது. அது மைக்குக்கானது, இடது வலது இரண்டையும் பிரித்து வாங்காது. லைன் இன் உள்ள யுஎஸ்பி சவுண்ட் காட் ஒன்றைத் தேடி வாங்குங்கள். "மைக்" என்று மட்டும் போட்டது வேண்டாம்.

ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் 44,100 ஹேர்ட்ஸ், ஸ்டீரியோ என்று வைத்து, பிளேயரின் ஈக்குவலைசரை நிறுத்தி, சத்தத்தை முக்கால்வாசி அளவில் வையுங்கள். பாட்டின் உச்ச இடங்களில் அளவுகோல் மைனஸ் 6 டெசிபெல்லைத் தொட்டு இறங்கினால் போதும். சிவப்பைத் தொட்டால் உடைந்த சத்தத்தைப் பிறகு எதனாலும் ஒட்ட முடியாது. லப்டொப் சார்ஜரைக் கழற்றி, பற்றரியில் ஓடவிட்டுப் பதியுங்கள். எர்த் சரியில்லாத வீடுகளில் சார்ஜர் குத்தியிருந்தால் பாட்டுக்கு அடியில் "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல் விடாமல் ஓடும். ஃபோனையும் தள்ளி வையுங்கள்.

இதில் குறுக்கு வழி இல்லை. ஒரு மணித்தியாலப் பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் போகும். 16 பிட் வேவ் கோப்பாகச் சேமித்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 எம்பி, ஐந்து மணித்தியாலத்துக்கு 3 ஜிபி அளவில் வரும். பிளேயரை முதல் பாட்டில் தொடங்கிவிட்டு நீங்கள் சமைக்கப் போகலாம்; வெட்டிப் பிரிப்பதைப் பிறகு செய்யலாம். எல்லாவற்றையும் பதிய நேரமில்லை என்றால் குரல் பதிவுகளை முதலில் பதியுங்கள். இன்றைக்குப் பாடும் பிளேயர் நாளைக்கும் பாடும் என்று உத்தரவாதமில்லை.

பெயரில்லாத பாட்டுகள்

வெளியே வந்த கோப்புகளுக்கு ஐபொட் வைத்த நான்கு எழுத்துப் பெயரோ ஃபோட்டோரெக் வைத்த எண்ணோதான் இருக்கும். எம்பி3 கோப்பு தன் பாட்டின் பெயரையும் பாடகர் பெயரையும் உள்ளேயே ஒரு குறிப்பாகச் சுமக்கிறது. எம்பி3டாக் என்ற மென்பொருள் அந்தக் குறிப்பை வாசித்து நூற்றுக்கணக்கான கோப்புகளுக்கு ஒரே தடவையில் பெயர் மாற்றிவிடும். ஹெட்செட் வழியில் பதிந்தவற்றுக்கு மட்டும் கையால் எழுத வேண்டும்.

சில பெயர்கள் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரிந்தால் அழித்துவிடாதீர்கள். அது பாமினி எழுத்துருவில் தட்டிய தமிழாக இருக்கலாம். யூனிகோட் பரவ முன்பு இங்கே பலரும் அப்படித்தான் தட்டினார்கள். அந்தக் குப்பையை இணையத்தில் உள்ள பாமினி–யூனிகோட் மாற்றி ஒன்றில் ஒட்டினால் பாட்டின் பெயர் தமிழில் வரும். வெறும் கேள்விக்குறிகளாகவே இருந்தால் மாற்றியாலும் பயனில்லை. அதற்குப் பாட்டைப் போட்டு, வீட்டில் வயதில் மூத்த யாரையாவது கூப்பிட்டுக் கேட்பதுதான் வழி.